சர்வேயர் வரும்வரை

"ஏம்மா, அந்தக் கொப்பை விடுங்க! சர்வேயர் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு இலையைக்கூட எடுக்கக் கூடாது!"

லோகநாதன் கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடினார். ஆடிக் காற்றில் அவர் வீட்டு வேப்பமரம் பாதி சமையலறைக் கூரைமேலும் பாதி தெருவிலுமாகச் சாய்ந்துவிட்டது. தங்கள் சர்வேயர் வந்து பார்க்கும்வரை மரம் விழுந்தது விழுந்தபடி கிடந்தால்தான் க்ளெய்ம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். சேலையூரிலோ அம்மனுக்குக் கூழ் ஊற்றும் சமயம். தெருவே வேப்பிலைக்கு அலைந்தது.

"இன்னா சார், கீழ வுழுந்த எலதானே? ஆத்தாளுக்குத்தானே கேக்கறேன்!" என்றாள் பூக்கார முனியம்மா, மடி நிறைய வேப்பிலையோடு.

படுக்கையறையில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஜெயஸ்ரீ எட்டிப் பார்த்தாள்.

"இப்படியே போனா சர்வேயருக்கு வெறும் குச்சியைத்தான் காட்டணும். க்ளெய்ம் வரலைன்னா கூரைக்கு எங்கே போறது? ராத்திரி தலையணையில கடுகு குத்துதுங்க!"

லோகநாதனுக்கு ஒரு யோசனை உதித்தது. அவளுடைய பழைய மஞ்சள் புடவையை மரத்தில் சுற்றி, குங்குமம் வைத்தார்.

"மரத்துல ஆத்தா இருக்கா. யாரும் தொடாதீங்க!"

பலித்தது. அதற்குப் பிறகு ஓர் இலைகூடப் போகவில்லை. ஆனால் மாலையில் ஓர் அகல்விளக்கு வந்தது. மறுநாள் எலுமிச்சை மாலை, சூலம், உண்டியல். முனியம்மா பூக்கடையையே அவர் கேட்டுக்கு மாற்றிவிட்டாள்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"சர்வேயர் வந்துட்டுப் போகட்டும் ஜெயா."

அதற்குள் மாநகராட்சி ஆட்கள் ரம்பத்தோடு வந்து நின்றார்கள். "பாதி மரம் ரோட்டுல கிடக்கு சார். அறுக்கணும்."

அறுத்தால் க்ளெய்ம் போச்சு. லோகநாதன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"இதை வீடுன்னா நினைச்சீங்க? கோயில்! கை வச்சுப் பாருங்க!"

கூட்டம் குலவையிட்டது. வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலமே ஒலிபெருக்கி அலறியது. வாசலில் பெரிய போர்டு: 'அருள்மிகு சாய்ந்தவேம்பு அம்மன் ஆலயம்'.

சர்வேயர் ஆஷா வந்தபோது கூழுக்கு வரிசை தெருமுனை வரை நின்றது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். மரத்தைப் படம் எடுத்தாள். கூரையை அளந்தாள்.

"க்ளெய்ம் வந்துடும்ல மேடம்?"

"மரம் விழுந்தது நிஜம், கூரை உடைஞ்சதும் நிஜம் சார். ஆனா எங்க பாலிசி வீட்டுக்குத்தானே? இது கோயில்னு போர்டே சொல்லுதே!"

"ஐயோ, அந்தத் துணியை நான்தான் கட்டினேன் மேடம்! அது என் பெண்டாட்டி புடவை!"

"கேட்டீங்களா?" என்று சிலிர்த்தாள் முனியம்மா. "ஆத்தாளே இவரு கையால கட்ட வச்சிருக்கா!"

மறுபடி குலவை. ஆஷா ஒரு சொம்புக் கூழோடு கிளம்பிவிட்டாள்.

தலையில் கைவைத்து உட்கார்ந்த லோகநாதன் பக்கத்தில் முனியம்மா வந்து குந்தினாள்.

"இதுக்குப் போய் பேஜாராவலாமா சார்? ஆத்தாளுக்கு மடப்பள்ளி வோணும்ல? சமையல்கட்டை ஊரே சேந்து கட்டிக் குடுத்துடும்."

லோகநாதன் நிமிர்ந்தார். ஜெயஸ்ரீயின் முகம்கூட மலர்ந்தது.

"ஆனா, கோயிலுக்குள்ள குடித்தனம் பண்ணக் கூடாதே," என்றாள் முனியம்மா. "நீ எப்ப சார் வூட்டைக் காலி பண்றே?"