முதல் பரிசோதனை: தேங்காய்

"...உடைக்கறதுக்குன்னே ஒரு மிசினு வாங்கி வெச்சிருக்கீங்க, அப்புறம் தேங்காய்க்கு மட்டும் எதுக்குங்க தனியா ஒரு கல்லு?" என்று தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள் என் மனைவி சாந்தி. விளையாட்டுக்குத்தான் கேட்டாள். விளையாட்டுப் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் வியாதி எனக்குப் பிறவியிலேயே உண்டு.

தொண்ணூறுகளின் கடைசி. கோயம்புத்தூரிலிருந்து புனே வந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் சிவில் துறையில் தற்காலிக விரிவுரையாளராக ஒட்டிக்கொண்டிருந்தேன். வேலை நிரந்தரமாகுமா, ஏரவாடா வீட்டைக் காலி செய்துவிட்டு ரயிலேற வேண்டுமா என்பது அந்த மாதம் தெரிந்துவிடும். முடிவு துறைத்தலைவர் ஜோஷி சார் கையில்.

அவருடைய நெடுநாள் கனவு, கான்கிரீட் கட்டியை அழுத்தி உடைத்து அதன் வலுவைச் சொல்லும் இயந்திரம். அது வந்து இறங்கியதும் திறப்பு விழாவை என் தலையில் கட்டினார். கூடவே 'துறைச் செய்திகள்' என்ற நாலு பக்க ஆங்கில இதழையும். (ஸ்டாஃப் ரூமில் ஃபேன் மாற்றினால்கூட அதில் செய்தி வரும்.) சுறுசுறுப்பைக் காட்ட வேண்டாமா? விழாச் செய்தியை முந்தின நாளே எழுதி அச்சடித்துவிட்டேன்.

சிறப்பு விருந்தினர் தேஷ்பாண்டே, ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். பளீரென்ற வெள்ளை சஃபாரியில் வந்தார். பூஜை முடிந்ததும் நான் ஜோஷி சார் காதில், "தேங்காயை மெஷின்லயே உடைச்சிடலாம் சார், புதுமையா இருக்கும்" என்றேன்.

"பக்கா?"

"பக்கா சார்!"

ஆய்வக உதவியாளர் பவார் மட்டும், "நாரள் உருண்டை சார், கல்லுதான் நல்லது" என்று முணுமுணுத்தார். (நாரள் என்றால் மராத்தியில் தேங்காய். நான் ஆயுளுக்கும் மறக்காத மராத்திச் சொல் அது ஒன்றுதான்.)

தேஷ்பாண்டே பொத்தானை அமுக்கினார். மேல்தட்டு மெதுவாக இறங்கியது. தேங்காய் அசையவில்லை. "க்யா ஸ்ட்ராங் ஹை!" என்று வியந்து குனிந்து, மூக்கை அதன் அருகே கொண்டுபோனார்.

டமார்!

கண்ணாடி, மீசை, சஃபாரி எல்லாம் தேங்காய்த் தண்ணீர். என் தலையில் ஒரு மூடி. கைக்கு எட்டிய காகிதத்தை எடுத்து அவர் கண்ணாடியைத் துடைத்தார். அது என் இதழ். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை உரக்கப் படித்தார்: "விழா எவ்விதத் தடங்கலுமின்றி இனிதே நிறைவுற்றது."

யாரும் சிரிக்கவில்லை. ஜோஷி சார் என்னைப் பார்த்த பார்வையில் ரயில் டிக்கெட்டே தெரிந்தது.

நிலைமையைச் சமாளிக்க, மாணவர்கள் வார்த்து நாலு வாரம் தண்ணீரில் ஊறவைத்திருந்த கான்கிரீட் கட்டியை ஓடிப்போய் எடுத்து வைத்தேன். எதிர்பார்த்ததில் பாதி பாரம்கூட ஏறவில்லை, பொடிப்பொடியாகிவிட்டது.

"இதுலதான் பாலம் கட்டப் போறீங்களா?" என்றார் தேஷ்பாண்டே.

பவார் நிதானமாக வந்தார். மெஷினின் கீழ்த்தட்டிலிருந்து நகத்தளவு தேங்காய் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கிள்ளியெடுத்து உயர்த்திக் காட்டினார்.

"நாரள், சாகேப்."

நான் தட்டைத் துடைக்கவே இல்லை! அத்தனை பாரமும் அந்தச் சில்லில் போய் உட்கார்ந்திருக்கிறது. பவார் துடைத்துவிட்டு வேறொரு கட்டியை வைத்தார். அது கம்பீரமாக நின்று, உடைய வேண்டிய பாரத்தில் உடைந்தது.

தேஷ்பாண்டே என்னைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த லேப்ல இனி எவனும் தட்டைத் துடைக்க மறக்க மாட்டான். இந்த ஆளை ஊருக்கு அனுப்பிடாதே, ஜோஷி!"

அன்றே இயந்திரத்தில் ஒரு துணி கட்டப்பட்டது. அதற்கு 'நாரள் துணி' என்று பெயர். எனக்கு 'நாரள் சார்'. பல வருடம் கழித்து புனே கேம்ப் பகுதிக் கடைவீதியில், பழைய மாணவர் ஒருவர் தன் மனைவியிடம் என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தார், மிகுந்த மரியாதையோடு. தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசும் என் மகள் வீட்டுக்கு யார் வந்தாலும், "அப்பா, அந்த நாரள் ஸ்டோரி சொல்லுங்க" என்று தடங்கலே இல்லாமல் கேட்பாள்.

விழா நடந்த மறுமாதமே நிரந்தர உத்தரவு வந்தது. சாந்தி பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டிருந்தாளாம். கோயிலில், உடைக்க நான் கையை நீட்டினேன். அவள் தட்டிவிட்டு, "நாலடி தள்ளி நில்லுங்க" என்றாள். பிறகு குனிந்து, முந்தானையால் கல்லை ஒருமுறைக்கு இருமுறை துடைத்துவிட்டு, ஒரே போடில் தானே உடைத்தாள்.