முப்பத்தேழாம் வரியில் நிற்கிறது

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. உன் மருமகள் கட்டெறும்பு இப்போதுதான் தூங்கினாள். அவள் விழித்திருக்கும்போது நான் ஒரு வரி தட்டினால் அவள் ஒன்பது வரி தட்டிவிடுகிறாள். நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முதுகுவலி குறைந்ததா? இங்கே நாங்கள் மூவரும் சுகம். பழைய கம்ப்யூட்டருக்குத்தான் சுகமில்லை.

போன வாரம் அது ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் போட்டது. ரிப்பேர்காரர் வந்து டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்டுவிட்டு, “டிஸ்க் தேஞ்சுபோச்சும்மா. இன்னும் நாலஞ்சு தடவை ஆன் பண்ணலாம். அதுக்குள்ள எல்லாத்தையும் வேற டிஸ்குக்கு மாத்திடுங்க, அப்புறம் என்னைக் கேக்காதீங்க” என்றார். அண்ணா, கட்டெறும்பின் பதினாலு மாதமும் அதற்குள்தான் இருக்கிறது. அவள் முதன்முதலாகச் சிரித்த சத்தம் வேறெங்குமே இல்லை. அதனால்தான் உன்னை அப்படிப் பிடுங்கி எடுத்தேன். நீயும் புது டிஸ்கோடு உங்கள் ஆபீஸ் மாதிரிப் பட்டியலையும் அனுப்பிவைத்து, “என்னென்ன ஃபோல்டர், யாருக்கு என்ன அனுமதி, எந்த ஃபைல் எங்கேருந்து வரணும்னு வரிசையா எழுதிக் குடு. அதைப் பாத்து புது டிஸ்க்ல எல்லாத்தையும் கம்ப்யூட்டரே கட்டி, அதுவே நிரப்பிடும். ரொம்ப சுலபம்” என்றாய். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அன்றும் இதையேதான் சொன்னாய். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

சரி என்று உட்கார்ந்தேன். உன் பட்டியலில் ‘கொள்முதல்’ என்றிருந்ததை ‘பற்கள்’ என்றும், ‘புகார்கள்’ என்றிருந்ததை ‘காய்ச்சல்’ என்றும் மாற்றினேன். ‘நிர்வாகம்’ என்பதை மட்டும் மாற்றவில்லை, அதில் என் படங்களைப் போட்டுக்கொண்டேன். ஓட்டினால் பாதியிலேயே ‘இடமில்லை’ என்று நின்றுவிட்டது. உச்சியில் மொத்தம் எத்தனை ஃபைல் என்று ஓர் எண் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. உங்கள் ஆபீசுக்கு இருநூறு போதும்போல, எங்கள் வீட்டில் அவள் தூங்கும் படமே இருநூற்றுப் பதினொன்று. எண்ணைத் திருத்திவிட்டு அனுமதிக்கு வந்தேன். போன மாதம் “எல்லாம் ஒரே மாதிரி இருக்கே” என்று பதினேழு படங்களை அழித்த மனிதர் என் வீட்டுக்காரர். அதனால் இவருக்குப் பார்க்க மட்டும் அனுமதி என்று எழுதினேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “என் பொண்ணை நான் பாக்க மட்டும்தானா?” என்றார். “இடுப்புல தூக்கிக்கலாம். டிஸ்க்ல பாக்க மட்டும்தான்” என்றேன். அதே வீறாப்பில் எல்லா வரியிலும் ‘யாரும் மாற்றக் கூடாது’ என்று போட்டுவிட்டேன். அந்த யாரும் என்பதில் நானும் சேர்த்தி என்று யாருக்குத் தெரியும்? ஃபோல்டர்களை ஒழுங்காகக் கட்டிவிட்டு, முதல் படத்தை உள்ளே வைக்கப் போன இடத்தில் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது. பெற்றவளுக்கே! இவர் என் முன்னால் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

அதையும் சரிசெய்து மூன்றாவது தடவை ஓட்டினேன். விறுவிறுவென்று போய் முப்பத்தேழாம் வரியில் நின்றது, ஒரு வரி நின்றால் அதுவரை நிரப்பியதையும் அழித்துவிடுமாம். முதல் சிரிப்பு, முதல் பல், முதல் தவழல் என்று எழுதிக்கொண்டே வந்த கை, ‘முதல் நடை’ என்றும் ஒரு ஃபைல் எழுதிவைத்திருக்கிறது. அவள்தான் இன்னும் நடக்கவே இல்லையே அண்ணா. உட்கார்ந்த வாக்கில் வீடு முழுக்கத் தேய்த்துக்கொண்டு போகிறாள், எழுந்து நிற்கச் சொன்னால் என் கன்னத்தைக் கடிக்கிறாள். மாடி வீட்டுக் குழந்தை இவளைவிட மூன்று வாரம் சின்னது, அது தானாக நடந்து வந்து எங்கள் கதவைத் தட்டுகிறது. “பதினெட்டு மாசம் வரைக்கும் பாக்கலாம்மா, என்ன அவசரம்?” என்று டாக்டர் சொல்லிவிட்டார். நானும் யாரிடமும் எதுவும் சொல்லாமல்தான் இருந்தேன். இந்தக் கம்ப்யூட்டர்தான் பளிச்சென்று எழுதிக் காட்டுகிறது: ‘முதல் நடை. அப்படி ஒன்று இல்லை.’

இவர், “அந்த ஒரு வரியை எடுத்துடேன், மிச்சம் போயிடும்” என்றார்.

“எடுக்க மாட்டேன்.”

“வெறும் வரிதானேம்மா.”

“புள்ளியியல்ல பட்டம் வாங்கினவ நான், எனக்கும் தெரியும். அவ நடக்கறதை என் கையால அழிக்க மாட்டேன்.”

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தார். “சரி, எடுக்காத. வேற வழி இருக்கான்னு உங்கண்ணனைக் கேளு” என்றார். அதுதான் கேட்கிறேன். இன்னும் வராத ஒன்றுக்குப் பட்டியலில் இடம் வைக்க வழி இருக்கிறதா? பழைய டிஸ்க் இன்னும் ஒரு தடவை ஓடும், மிஞ்சினால் இரண்டு. அந்தச் சிரிப்பும் எனக்கு வேண்டும், இந்த வரியும் வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு. முதுகை வளைத்து உட்காராதே. உன் மருமகள் உனக்கு ஒரு கடி கொடுக்கச் சொன்னாள்.

என்றும் உன் தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியது எதற்கும் நீ பதில் தேட வேண்டாம். கடிதத்தை முடித்துவிட்டுப் பட்டியலை மறுபடி படித்தேன். உன் மாதிரியிலேயே கடைசியில் ‘அடுத்த ஆண்டு’ என்று ஒரு ஃபோல்டர் காலியாக இருக்கிறது. ஃபைல் என்றால்தான் எங்கிருந்து வருகிறது என்று கேட்குமாம், ஃபோல்டர் காலியாக இருந்தால் ஒன்றும் கேட்காதாம். ‘முதல் நடை’யை ஃபோல்டராக மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன். கடைசி வரி வரை போய்விட்டது. சிரிப்பைப் போட்டுக் கேட்டேன். இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் சொல். அம்மாவைக் கேட்டால், “நீ எல்லாம் நேரத்துக்கு நடந்த” என்று மழுப்புகிறாள். உனக்கு அப்போது ஒன்பது வயது, மறந்திருக்காது. நான் எத்தனை மாதத்தில் நடந்தேன்? உள்ளதைச் சொல். சீக்கிரம் பதில் எழுது.