கட்டமும் தேள்கடிச் சுவடியும்

சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான் தேறுவாள். அவள் பெயர் கட்டம். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது விடுதிப் பதிவேட்டைத் தாண்டி வெளியே வந்ததே இல்லை.

எம்.ஏ. தமிழ் கடைசி வருடத்தில் எங்களை இரண்டு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஊர் ஊராகப் போய் வீடுகளில் இருக்கும் ஓலைச்சுவடிகளைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றும் வேலை. படம் பிடிப்பது சுலபம். ஆனால் ஒவ்வொரு சுவடிக்கும் கணினியில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் இருபத்தேழு கட்டங்கள். எழுதியவர் யார், என்ன பொருள், எந்தக் காலம், பூச்சி தின்றது எவ்வளவு, மிச்சம் வைத்தது எவ்வளவு. நானெல்லாம் குத்துமதிப்பாக எதையாவது அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். அவள் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆதாரம் தேடுவாள். கிடைக்காவிட்டால் ‘தெரியவில்லை’ என்று அடிப்பாள். அப்போது அவள் முகத்தில் வரும் திருப்தி இருக்கிறதே, எனக்கு முதல் வகுப்பு வந்தபோதுகூட என் முகத்தில் அது வரவில்லை.

படிவத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் “டீ எப்படி இருக்கு?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரதி வேணும்” என்று எதிர்க்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். விடுதி உணவறையில் ஒருநாள் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘பொருள்: இட்லி. நிலை: ஓரங்கள் உடைந்துள்ளன. காலம்: தெரியவில்லை. நேற்றையது என்பது மாணவிகள் கூற்று, ஆதாரம் இல்லை.’ வார்டன் அதைக் கிழித்தெறிந்தார். ஆனால் மறுநாள் இட்லி சுடச்சுட வந்தது.

சேலத்தில் அவள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். “சமைக்கத் தெரியுமாம்மா?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

“தெரியும் ஆன்ட்டி. நல்லா இருக்குமான்னு தெரியாது. சாப்பிட்டவங்க யாரும் எழுதிக் கொடுக்கலை.”

அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். வீட்டில் கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தால் படிக்கட்டும், இல்லையென்றால் அடுத்து வருகிறவனுக்குத் தலையை நீட்ட வேண்டியதுதான். இடம் கிடைக்க இந்தப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழோ எங்கள் பேராசிரியர் கையில் இருந்தது.

எடப்பாடிப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர். தேள் கடித்தால் சுற்றுவட்டாரமே அவரிடம் ஓடும். வேப்பிலையால் தடவி, வாய்க்குள்ளேயே ஒரு மந்திரத்தை முணுமுணுப்பார். பூசையறையில் மஞ்சள் துணி சுற்றி வைத்திருந்த சுவடி தேள்கடி வைத்தியச் சுவடி என்று அவர் அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிரித்துப் படித்தவர் யாருமில்லை. பேராசிரியர் எங்களைக் கூப்பிட்டார். “நம்ம தளத்துக்கு அந்தச் சுவடிதான் முகப்பு. அது வரலேன்னா ரெண்டு பேரும் சான்றிதழை மறந்துடுங்க.”

தோட்டத்துக்காரர் குளித்துவிட்டு வந்து சுவடியைப் பிரித்துக் கொடுத்தார். கட்டம் பத்து நிமிடம் ஓலைகளைப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய்ப் பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

“சார், இது எண்சுவடி. பழைய வாய்ப்பாடு.”

“பொருள்ங்கிற கட்டத்துல மருத்துவம்னு போடும்மா. யாரு படிச்சுப் பார்க்கப் போறாங்க?”

“நான் படிச்சுட்டேனே சார்.”

நான் அவள் கையைக் கிள்ளினேன். “முதல்ல அவர்கிட்ட சம்மதக் கையெழுத்து வாங்கு. அப்புறம் சொல்லிக்கலாம்.” அவளா கேட்பாள்? நேரே உள்ளே போய்விட்டாள்.

“ஐயா, இது வைத்தியச் சுவடி இல்லைங்க. சின்னப் பசங்க படிக்கிற வாய்ப்பாடு.”

அவர் சிரித்தார். “ஏனுங் அம்மிணி, எங்கப்பாரு பொய் சொல்லுவாருங்களா?”

“அது தெரியாதுங்க” என்றவள், ஓலையை எடுத்துச் சத்தமாகவே படித்தாள். “ரெண்டு மாகாணி அரைக்கால். நாலு மாகாணி கால். எட்டு மாகாணி அரை…”

அவர் பதறி எழுந்தார். “நிறுத்துங்க சாமி. அதைச் சத்தமாச் சொல்லப்படாது, பலிக்காமப் போயிரும்.”

எனக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. மனிதர் இத்தனை வருடமாகத் தேள்கடிக்கு முணுமுணுத்தது மாகாணி வாய்ப்பாடு. மந்திரத்துக்கு அர்த்தம் கேட்கக் கூடாது என்று அவர் அப்பா சொல்லியிருந்ததால் அவரும் கேட்கவில்லை.

கதவோரம் நின்ற அவர் மனைவி வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “எனக்குத் தேளு கடிச்சப்ப ரெண்டு மணி நேரம் வாய்ப்பாடா சொல்லீட்டு இருந்தீங்க? நல்லவேளை, நானாப் போயி ஊசி போட்டுட்டு வந்தனுங்க.”

தோட்டத்துக்காரர் முகம் செத்துவிட்டது. சுவடியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். “கேமராவ எடுத்துட்டுக் கெளம்புங்க அம்மிணி.”

சான்றிதழ் போயிற்று என்று நான் பையை எடுத்துவிட்டேன். கட்டம் அசையவில்லை.

“ஐயா, கடைசி ஓலை முறிஞ்சு போயிருக்கு. யாரோடதுன்னு அதுலதான் எழுதியிருப்பாங்க. மந்திரத்தை முடிக்கிறப்ப நீங்க என்னங்க சொல்வீங்க?”

“இனி மறைச்சு என்னாவப் போவுது” என்றவர், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். “பதினாறு மாகாணி ஒண்ணு. சென்னான் மகன் செல்லான் வாசிக்கிற சுவடி.”

முதன்முறையாகச் சத்தமாக, நிதானமாகச் சொன்னதாலோ என்னவோ, அது அவர் காதிலேயே விழுந்தது. கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார்.

“செல்லானுங்கறது நம்ம கோயல்ல பொங்க வெக்கறப்ப சொல்ற பேருதானுங்களே” என்றார் அந்த அம்மா. அவரும் இப்போது சிரிக்கவில்லை. “உங்க தாத்தனுக்குத் தாத்தன்.”

“அப்ப இது அவரு படிச்சதுங்களா சாமி?”

“ஆமாங்க. சின்னப் பையனா இருந்தப்ப.”

அவர் துணியை மறுபடி பிரித்தார். எழுத்துகள் மேல் ஒவ்வொன்றாக விரலை ஓட்டினார். பிறகு பேனாவைக் கேட்டார். “அவரு பேரைப் பெருசாப் போடோணும்.”

“போட்டுடறேங்க. பொருள் கணிதம். பயன்பாடுன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல தேள்கடின்னு போடட்டுங்களா? அதுவும் உண்மைதானே.”

“போடுங்க. ஊசிக்கும் போவச் சொல்லிப் போடுங்க” என்று கையெழுத்துப் போட்டார்.

பேராசிரியர் மூன்று நாள் எங்களோடு பேசவில்லை. ஆனால் தேள்கடிக்குச் சொன்ன வாய்ப்பாட்டைப் பார்க்கத் தளத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்ததும், அது தன்னுடைய கண்டுபிடிப்பு என்று பேசத் தொடங்கினார். சான்றிதழ் வந்தது. கட்டம் ஆராய்ச்சி மாணவி ஆனாள்.

எனக்கு நினைவில் நிற்பது அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று கேட்டாள். “செல்லானுக்கு அப்ப என்ன வயசு இருக்கும்?”

“எட்டு இருக்குமா?” என்றேன், ஆதாரம் கேட்டு உயிரை எடுப்பாள் என்ற பயத்தோடு.

வெளியே பார்த்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எட்டுன்னே வச்சுக்குவோம்டி. பாவம், அவ்வளவு கஷ்டமான வாய்ப்பாடு.”

அதுவரை அவள் எனக்கு ஒரு வேடிக்கை. அதற்குப் பிறகு எந்த ஊரில் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவள் குரலைக் கேட்காவிட்டால் எனக்கு வாரம் முடிந்த மாதிரியே இருப்பதில்லை.