சோபாவிலிருந்து மலை ஏறுகிறவர்

வயோமிங் மாநிலத்தில் இனிமேல் கொலை செய்யப்படுவதற்கு ஆளே பாக்கி இல்லை. மொண்டானாவிலும் இல்லை. பண்ணைக்காரன், மீன் பிடிக்க வந்தவன், எண்ணெய்க் கம்பெனிக்காரன், அவனுடைய இரண்டாவது மனைவி, அத்தனை பேரும் எங்கள் வெண்டல் மாமாவின் அலமாரியில் செத்துக் கிடக்கிறார்கள். அத்தனை கொலைகாரர்களையும் மாமா சோபாவில் சாய்ந்தபடியே, காலுறைகூட மாற்றாமல் பிடித்துக் கொடுத்துவிட்டார். மலையும் பனியும் தோன்றிய காலத்திலிருந்து இப்படி ஒரு துப்பறிவாளர் பிறந்ததில்லை. அரசாங்கம் இன்னும் அவரைக் கூப்பிடவில்லை என்றால் அது வெறும் பொறாமை.

இந்த இனத்துக்கு மலைக்கொலை வாசகர் என்று பெயர். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஜன்னலுக்கு வெளியே நிஜ மலை ஒன்று, உச்சியில் பனியோடு, பைசா செலவில்லாமல் நின்றுகொண்டிருக்கும். அதன் வெளிச்சம் புத்தகப் பக்கத்தில் விழுந்து கண் கூசுகிறது என்று திரையை இழுத்து மூடிவிட்டு, புத்தகத்தில் இருக்கிற மலையைப் படிப்பவர் அவர். கதாநாயகன் ஆற்றில் விழுந்தால் இவருக்கு இன்னொரு போர்வை வேண்டும். அவன் ஆறிப்போன காப்பியைக் குடித்தால் இவருக்குச் சூடாக வேண்டும்.

இந்தப் புத்தகங்களில் என்னதான் இருக்கிறது? எல்லாவற்றிலும் ஒன்றுதான் இருக்கிறது. முதலில் ஒரு நாய் எதையோ மோப்பம் பிடித்துக் குரைக்கும். எல்லோரும் ஓநாயைக் குற்றம் சொல்வார்கள். ஓநாய் பாவம், ஒன்றும் அறியாது. கலிபோர்னியாவிலிருந்து வந்து பண்ணை வாங்கிய பணக்காரன் ஒருவன் சுத்தமான பூட்ஸ் போட்டிருப்பான். அதைவிடப் பெரிய குற்றம் உண்டா? துப்பறிகிற வன அதிகாரியின் வண்டி பழையதாக இருக்கும், சம்பளம் குறைவாக இருக்கும், மனைவி பொறுமையாக இருப்பாள் அல்லது போய்விட்டிருப்பாள். சரியாகக் கொலைகாரனை நெருங்கும்போது பனிப்புயல் வரும். போன் வேலை செய்யாது. செய்தால் கதை அங்கேயே முடிந்துவிடுமே.

படித்ததோடு விட்டாலும் பரவாயில்லை. தீவனக் கடை வாசலில் புதிதாக ஒரு பிக்கப் வண்டி நின்றால் போதும், மாமா என் தோளைப் பிடித்து நிறுத்துவார்.

"டயரப் பாரு ஷெல்பி. பின் டயர்ல மட்டும் செம்மண்ணு."

"அதுக்கு?"

"செம்மண்ணு எங்க இருக்கு? பழைய சுரங்கத்துக்கிட்ட. அங்க இவனுக்கென்ன வேலை?"

"அவரு புதுசா வந்த பாதிரியார் மாமா."

"எல்லாப் புத்தகத்துலயும் அப்பிடித்தான்டி சொல்லிக்கிட்டு வருவானுங்க."

லொரெட்டா அத்தை இதற்கெல்லாம் பழகிவிட்டவள். "உங்க மாமா கதையில செத்தவனுக்காக மூணு மலை ஏறுவாரு. குப்பைத் தொட்டியத் தெரு வரைக்கும் தள்ளச் சொன்னா முட்டி வலிக்கும்" என்பாள்.

முட்டி விஷயம் பொய் இல்லை. போன வருஷம் அறுவை சிகிச்சை செய்து புது முட்டி வைத்தார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார். மாமா படித்தார். அதே சமயம் அவரோடு சேர்ந்து வருஷா வருஷம் வேட்டைக்குப் போகும் மெர்ல், குளிர் தாங்கவில்லை என்று அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார். அங்கிருந்து கள்ளிச்செடியின் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். இந்த நேரம் பார்த்துத்தான் குலுக்கலில் மாமாவின் பெயர் விழுந்தது. ஆண் எல்க் மான் வேட்டைக்கான அனுமதிச் சீட்டு. மாமா தன் தலையில் பாதி முடியாவது இருந்த காலத்திலிருந்து விண்ணப்பித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அது கிடைத்தவனைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பார்ப்பார்கள்.

மாப்பிள்ளை சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. வேட்டைப் பருவம் முடிய இந்தச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும்தான் மிச்சம். சீட்டு குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்க, அதைத் தாண்டிப் போய்ப் பால் எடுத்துவந்து, இன்னொரு புத்தகத்தைத் திறந்தார். "போகலையா மாமா?" என்று கேட்டால் "பாக்கலாம்" என்பார். 'பாக்கலாம்' என்று அவர் சொல்லும்போது முகம் எப்படி இருக்கும் என்றால், சரி, அதை விடுங்கள். எனக்கு அந்த முகம் பிடிக்காது.

வேறு வழி? சனிக்கிழமை காலையில் ஒரு குற்றத்தைச் செய்தேன்.

மேய்ச்சல் வேலிக்கு அந்தப் பக்கம் பொதுநிலம், அங்கிருந்து மலை ஏறுகிறது. குதிரைத் தீவன மூட்டையில் கயிறு கட்டி, பனியில் இழுத்துக்கொண்டே போனேன். அகலமான தடம் விழுந்தது. கராஜில் தொங்கும் பழைய எல்க் தோலிலிருந்து கொஞ்சம் முடியைப் பிடுங்கித் தூவினேன். அத்தை கிராம்பு போட்டு ஊற வைத்த பீட்ரூட் ஊறுகாய் ஜாடி ஒன்றைக் காலி செய்து, அதன் சாற்றால் அங்கங்கே ரத்தம் சிந்தினேன். திருட்டு வேட்டை! தலையை வெட்டி எடுத்துக்கொண்டு கறியை அழுக விடுகிற பாவிகளை எங்கள் ஊரில் கொலைகாரனுக்கு ஒரு படி கீழேதான் வைத்திருக்கிறோம். சிலர் ஒரு படி மேலே.

பிறகு மாமா வீட்டுக்குப் போய்ச் சாதாரணமாகச் சொன்னேன். "வேலிக்கு அந்தாண்ட பனியில ரத்தம் கெடக்கு மாமா."

புத்தகம் அசையவில்லை. "முயலா இருக்கும்."

"முயலை இழுத்தா இவ்ளோ அகலத்துக்கா தடம் விழும்?"

புத்தகம் மூக்கு வரைக்கும் இறங்கியது. "உடம்பு?"

"இல்ல. தடம் மட்டும் மேல போகுது."

புத்தகம் மடியில் விழுந்தது. "எதையும் தொட்டியா?"

"இல்ல."

"மிதிச்சியா?"

"நான் என்ன கூமுட்டையா?"

எழுந்தார்! போர்வை ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். பூட்ஸைத் தேடினார், தொலைநோக்கியைத் தேடினார், காலில் ஏற்கனவே போட்டிருந்த பூட்ஸை மறுபடியும் தேடினார். அத்தை ஆரஞ்சு மேலங்கியை நீட்டினாள். வேட்டைப் பருவத்தில் அது இல்லாமல் மலைப்பக்கம் போனால் உங்களையே மான் என்று சுட்டுவிடுவார்கள். துப்பாக்கியையும் நீட்டினாள். "கொலைகாரன் இருந்தா?" என்றாள்.

தடத்தின் அருகே மண்டியிட்டார். ரத்தத்தை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ம்ம்ம்" என்று நீட்டினார். எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு உருண்டது. அப்புறம் ஏற ஆரம்பித்தார், வாயும் கூடவே ஏறியது.

"ஆளு இடதுகைக்காரன். கயிறு இடது பக்கமாத் தேய்ச்சிருக்கு."

"ஆமா மாமா."

"குட்டையானவன். அடி சின்னது. அறிவும் சின்னது."

"அது எப்பிடி மாமா தெரியும்?"

"அனுபவம்டி."

மூச்சு வாங்கியது. நின்றார். நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டேன், அவர் முட்டியைத் தடவுவதை நான் பார்க்கவில்லை என்று அவர் நினைக்கட்டும் என்று. மறுபடி ஏறினார். பைன் மரங்களைத் தாண்டி, பாறைகளைத் தாண்டி, என் தீவன மூட்டைக்கும் எனக்கும் சக்தி தீர்ந்து தடம் நின்றுபோன இடத்தையும் தாண்டி, மேட்டின் முதுகுக்கே போய்விட்டார். தடம் முடிந்துவிட்டதே என்று அவர் கேட்கவே இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு முழுக்க எல்க் மான்கள். வாயிலிருந்து ஆவி பறக்க மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒன்று, கொம்பா அது, காய்ந்த மரத்தையே தலையில் தூக்கி வைத்த மாதிரி. மாமா ஒரு பாறையில் மெல்ல உட்கார்ந்தார். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து அதன் கொம்புக் கிளைகளை எண்ணினார்.

"எல்க் ரத்தத்துல எப்பலேர்ந்துடி கிராம்பு போடுறாங்க?" என்றார் பிறகு.

நான் மானைப் பார்த்தேன். மான் என்னைப் பார்த்தது. யாரும் உதவிக்கு வரவில்லை.

"இவ்ளோ ரத்தம் சிந்தியிருக்கு, வானத்துல ஒரு அண்டங்காக்கை உண்டா? அதுங்களுக்கு மூக்குல வேர்க்குமே. அதுகூடப் போகட்டும். செத்த எல்க்க எந்த மடையனாவது மேட்டுல இழுப்பானா? ரோடு கீழ இருக்கு."

"அப்ப கீழேயே தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் எதுக்கு ஏறுனீங்க?"

"கதை நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு. பாதியில மூடி வைக்க மனசு வரல." முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ மேட்டுல இழுத்தது எல்க்க இல்லடி கழுத, என்னை."

காற்று பலமாக இருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் காற்றுதான் காரணம்.

இந்தப் புத்தகங்களின் மாயம் என்னவென்று அங்கேதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அது கொலையில் இல்லை. இவ்வளவு பெரிய மலையில், இவ்வளவு பனியில் ஒரு ஆள் காணாமல் போனால், பழைய வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு யாரோ ஒருத்தர் தேடிப் புறப்பட்டுவிடுகிறார், இல்லையா? சோபாவில் காணாமல் போனவரை யார் தேடுவார்கள்?

சரி, நீங்கள் சொல்லுங்கள். தடம் மேல்நோக்கிப் போகிறது என்று நான் சொன்னபோதே உங்களுக்குச் சந்தேகம் வந்ததா? போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் அந்த இனத்தில் முதிர்ந்த பிறவி. சந்தேகமே வராமல் மேடு வரைக்கும் பின்னாலேயே வந்தீர்களா? அப்படியென்றால் நீங்கள் அந்த இனத்தின் குட்டி. ஜன்னல் திரை திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லவேளை, நான் அந்த இனம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"சீட்டு குளிர்பெட்டிக் கதவுலயே இருக்கு, இன்னிக்குச் சுட முடியாது. நாளைக்குக் கடைசி நாளு. விடியறதுக்குள்ள வந்து எழுப்பு" என்றார் மாமா, தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல். "மெர்ல் மாதிரி வழியெல்லாம் பாட்டுப் பாடாம வந்தாச் சரி."

"வர்றேன்."

"இந்த இழுக்குற வேலையெல்லாம் எங்கேர்ந்துடி கத்துக்கிட்ட? என் புத்தகத்தத் தொட்டியா?"

"ஐயே! அதையெல்லாம் எவ படிப்பா?"

"அதானே. இப்ப படிக்கிறது இருக்கே, அதுல அந்த மாட்டு டாக்டருதான் கொலைகாரன். மொதப் பக்கத்துலயே புடிச்சிட்டேன்."

"டாக்டரா? சும்மா இருங்க மாமா. டாக்டருக்கு ஒண்ணுமே தெரியாது, அவரோட மச்சான்தான் கத்தியை ஐஸ் பெட்டிக்குள்ள..."

மாமா தொலைநோக்கியை மெதுவாக இறக்கினார்.

"நான் இன்னும் பாதிகூடத் தாண்டலடி" என்றார்.