தாய்மாமன் சீரில் ஒரு பேட்டரி

மனைவி ராமலெட்சுமிக்குத் தெரியாமல் பேட்டரி வாங்கியே தீருவது. சிக்கல் கிராமத்துப் பூமிநாதன் எடுத்த வீர முடிவு அது. மாடியில் சோலார் தகடு இருந்தும், பேட்டரி இல்லாததால் கரண்டு போனால் அதுவும் சேர்ந்து படுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அவளோ, "மொதல்ல கிரைண்டரு. பொறவுதான் பேட்டரி" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

லித்தியம் பேட்டரி வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியும் கையுமாக வாசலிலேயே மாட்டிக்கொண்டான்.

"என்னங்க இது?"

"சீரு." வாயில் வந்தது அதுதான். உச்சிப்புளியில் தங்கை மகளுக்கு வெள்ளிக்கிழமை சடங்கு, இவன் தாய்மாமன். "அவுக வீட்டுலயும் சோலார் இருக்குல்ல. பேட்டரி குடுத்தா நாலு பேரு பேசுவாக."

"நல்லதுதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

பூமிநாதனுக்குத் தன் மூளையை நினைத்துப் பெருமை பிடிபடவில்லை. கிளம்பும்போது, பெட்டி காரில் கொள்ளாது என்று சொல்லிச் சேலை, பழத்தோடு சமாளித்துவிடலாம். அவள் மிளகாய்க் காட்டுக்குப் போன நேரத்தில் எலக்ட்ரீசியன் ராம்குமாரைக் கூட்டிவந்து, டி.வி.க்குப் பக்கத்துச் சுவரில் வயருக்கு ஓட்டையும் போட்டுவிட்டான்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அவள் பெட்டிப் பேச்சையே எடுக்கவில்லை; மறந்துவிட்டாள் என்று அவனும் நிம்மதியாகக் காரில் ஏறிவிட்டான். உச்சிப்புளியில் இறங்கியதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். பழத்தட்டுகளுக்கு முன்னால் அவனுடைய பேட்டரி. சந்தனம், குங்குமம், மேலே மாலை வேறு.

"இது... எப்படி இங்கன?"

"நேத்தே எந்தம்பியோட குட்டியானை வண்டியில ஏத்திவிட்டேன். காருல கொள்ளாதுல்ல?" என்றாள் ராமலெட்சுமி.

மேளம் முழங்கியது. முதல் சீர் தாய்மாமன் தலையில்தான் வரவேண்டும் என்று உறவுக்கூட்டம் ஒரே குரலில் சொன்னது. தன் பேட்டரியைத் தானே சுமந்து தெருவைச் சுற்றிவந்தான் பூமிநாதன்.

"எந்த அண்ணன் இப்புடிச் செய்வாக?" என்று தங்கை ஜெயப்பிரியா கண்கலங்கினாள். பூமிநாதனுக்கும் அழுகை வந்தது. காரணம்தான் வேறு.

திரும்பும்போது மெல்லக் கேட்டான். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"சீரு ஒங்க தங்கச்சி வீட்டுக்கு. ஓட்டை எதுக்கு நம்ம சொவத்துல?"

பூமிநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வெசனப்படாதீக. ஓட்டை வீணாப் போகாது" என்றாள் ராமலெட்சுமி. "ஆணி அடிச்சு அரிக்கேன் வெளக்க மாட்டிருவோம்."