டிலைட்டுக்கு ஒரு பனியன்

சக்கரத்தில் தொடங்கிய மனித நாகரிகம், திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியின் ஃபியட் காரில் நிறைவுற்றது. அங்கே மேனேஜராக இருந்த பெருமை எனக்குண்டு.

முதலாளி சாமியப்பன் பணம் கட்டி, காருக்கான காத்திருப்பு வரிசையில் பெயர் பதிந்தபோது அது வெறும் ஃபியட் ஆயிரத்து நூறு. இத்தாலிக்காரன் குடும்பத்தோடு போகச் செய்த வண்டி. பனியன் மடிக்கும் பிரிவில் தற்காலிகமாக இருந்த மருதாள் அன்றுதான் தன் வேலையை நிரந்தரமாக்கக் கேட்டாள். முதலாளி 'கொள்கை முடிவு' அறிவித்தார்.

"கார் வரட்டும் அம்மிணி. வந்த அன்னிக்கே நீ பெர்மனெண்ட்டு."

"பேச்சு மாறமாட்டீங்களே?"

"நானா?"

அவர் மாறவில்லை. கார்தான் மாறியது. ஆயிரத்து நூறு, 'செலக்ட்' ஆயிற்று. செலக்ட், 'சூப்பர் செலக்ட்' ஆயிற்று. வரிசை நகரவில்லை. மருதாளுக்கும் புது மாடல் வரவில்லை, டெம்பரவரியாகவே இருந்தாள்.

காலம் வீணாகவில்லை. அந்தக் காரின் முன்கதவு மற்றக் கதவுகளுக்கு நேர்மாறாகத் திறக்கும் என்று கேள்வி. முதலாளி பனியன் மூட்டைமேல் உட்கார்ந்து, கம்பீரமாக இறங்கிப் பழகினார். மருதாள் கதவாக நியமிக்கப்பட்டாள். தற்காலிகமாக.

"மெல்லத் தெற மருதா!"

"கீலுக்கு எண்ணெய் போடலீங்க மொதலாளி."

ஒருவழியாகக் கார் வந்தது. 'டிலைட்'. கதவு எல்லாக் கதவுகளையும் போலத் திறந்தது. முதலாளி பழகியபடியே இறங்கினார். மூக்கு வீங்கியது.

"மாத்தி மாட்டிட்டானுங்க" என்றாள் மருதாள், அனுபவத்தில்.

வெயில் பட்டால் பெயிண்ட் போய்விடும் என்று அவசரக் கூட்டம் கூட்டினோம். பெண்கள் சோறு உண்ணும் கொட்டகை, மின்விசிறியோடு காருக்கு ஒதுக்கப்பட்டது. கூடவே ஒரு பனியன்.

"கை வெச்சதா, கை வெக்காததா?" என்று கேட்டேன்.

"வெக்காதது. காத்தோட்டமா இருக்கோணும்."

சலவைக்குப் போகாத புதுத் துணியில், உடம்பைப் பிடித்த மாதிரி அளவெடுத்துத் தைத்தோம். துணி சுருங்கும் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். காரின் மகிமையில் மறந்துவிட்டோம். அந்த வாரமே மழை. கொட்டகை ஒழுகியது. பனியன் நனைந்து, சுருங்கி, காரைக் கவ்விக்கொண்டது. கழற்ற வரவில்லை.

"வெட்டிரலாமுங்க" என்றேன்.

"ஏ ஒன் துணிய்யா! வெட்டறதா?" காரை அப்படியே விட்டுவிட்டு, முதலாளி வேலையாக அவிநாசிக்குப் பஸ்ஸில் போய்வந்தார். போய்வந்துகொண்டே இருந்தார்.

மருதாள் பொறுத்துப் பார்த்தாள்.

"கார் வந்திருச்சுங்களே. என்னைய பெர்மனெண்ட் பண்ணுங்க."

"எங்க வந்துச்சு? பனியனுக்குள்ள இருக்குது. வெளிய வரட்டும்."

மருதாள் கட்டிங் மேசையிலிருந்து கத்தரியை எடுத்துவந்தாள். ஒரே இழுப்பு. பனியன் விழுந்தது. கார் பளபளத்தது.

"வந்திருச்சுங்க" என்றாள்.

முதலாளி காரைச் சுற்றிவந்தார். பெருமூச்சு விட்டார்.

"இது பழசாயிருச்சு அம்மிணி. இப்ப 'பிரசிடெண்ட்'டுன்னு ஒண்ணு வந்திருக்குதாம். பதிஞ்சிருக்கேன். அது வரட்டும்."

நாகரிகத்தின் அந்தச் சிகரம் இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் ஒருநாளும் வேலை செய்யாமல், மின்விசிறிக்கடியில், நிரந்தரமாக இருப்பது அது ஒன்றே. இத்தனை வருடமும் ஓடியது மருதாள்தான்.