ஒரிஜினல் எடுத்த டீ கப் விளம்பரம்

விருத்தாசலத்தில் மட்டுமல்ல, கடலூர் மாவட்டத்திலேயே விளம்பரத் தொழிலுக்குக் கொஞ்சமும் லாயக்கில்லாத போட்டோகிராபர் 'ஒரிஜினல்'தான். பீங்கான் கம்பெனிகளுக்கு விளம்பரம் செய்து தரும் என் சின்ன ஆபீசுக்கு அவரைக் கூட்டிவந்த பாவி நான்.

எடுத்த படத்தில் ஒரு புள்ளியைக்கூட அழிக்க மாட்டார்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். மங்கலம்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், பேனரில் தன் வழுக்கைக்குக் கொஞ்சம் முடி வைக்கச் சொன்னார். "முடி வளந்ததும் வாங்க, எடுத்துத் தரேன்" என்று அனுப்பிவிட்டார் மனுஷன். அந்தக் கடைக்காரர் இன்றும் என்னைக் கண்டால் அடுத்த தெருவில் திரும்பிவிடுகிறார்.

போன வருஷம் ஒரு கம்பெனி தன் டீ கப்புக்கு வார இதழில் முழுப்பக்க விளம்பரம் கேட்டது. முதலாளிக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க அவர்கள் வேலை எனக்குத்தான். மாடல் தேட நேரமில்லை. காலேஜ் படிக்கும் என் மகள் கையில் கப்பைக் கொடுத்து நிற்க வைத்தேன். அவளுக்கு இடது கன்னத்தில், சின்ன வயதில் வெந்நீர் கொட்டிய தழும்பு. அதைப் பிறகு அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சித்திரை வெயிலில் டீயின் ஆவி படத்தில் தெரியவே இல்லை.

"ஆவிய கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்யா, ரெண்டு நிமிஷ வேல."

"இல்லாத ஆவிய எங்கேர்ந்துங்க கொண்டாறது? இன்னொரு டீ சொல்லுங்க."

பின்னால் கறுப்புத் துணி கட்டினார். ஆவி கலையுமென்று ஃபேனை நிறுத்தினார். பதினோரு டீ ஆறியது. வீணாக்க மனமில்லாமல் பதினொன்றையும் நானே குடித்தேன். பன்னிரண்டாவதில் தெய்வத்துக்கே பொறுக்காமல் ஆவி தெரிந்தது.

படத்தைப் பார்த்த முதலாளி, "கப்பு நல்லா இருக்குது. பொண்ணு கன்னத்துல இருக்கறத மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

ஆபீசில் படத்தைத் திருத்தத் தெரிந்தவர் ஒரிஜினல் ஒருவர்தான். அவரிடம் கெஞ்சினேன். பிறகு கத்தினேன்.

"பாப்பாவ கேட்டீங்களா?" என்றார்.

"நான் அவ அப்பன்யா. நானே சொல்றேன், அழி."

"மூஞ்சி உங்களுது இல்லீங்களே."

பற்றிக்கொண்டு வந்தது. மகளைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே கேட்டேன். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அழிக்க வேணாம்ப்பா. கன்னத்த திருப்பிக்கன்னு சொல்லாம என்ன எடுத்தவரு இவரு ஒருத்தருதான்."

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அவளுடைய இடது கன்னம் ஒரு படத்தில்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் "இந்தப் பக்கம் திரும்பும்மா" என்று சொன்னவன் நான்தான். அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அழிக்க முடியாது என்று முதலாளியிடம் நானே சொன்னேன். விளம்பரம் சென்னைக்காரர்களிடம் போயிற்று. அதில் வேறு பெண், கம்ப்யூட்டர் ஆவி. அந்த வருஷ வேலையும் அதோடு போனது.

ஒரிஜினலோடு எனக்கு இன்றும் தினசரி சண்டைதான். ஆனால் என் மகள் கல்யாணத்தில் வேறு எவனையும் கேமராவைத் தொட விடமாட்டேன்.